நர்சு மாணவிகளின் குறை கேட்ட அம்மையார்

கையில் விளக்கு. சுற்றிலும் இருட்டு. காயம்பட்ட சிப்பாய்களின் படுக்கைகளுக்கு நடுவே ஒரு பெண் மெதுவாக நடந்து போகிறார். இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது.

அந்தப் பெண்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

போர்க்கால ஆஸ்பத்திரியில் அவர் செய்த தொண்டை உலகமே அறியும். ஆனால் அதற்குப் பிறகு, லண்டன் நகரில் ஒரு வீட்டு அறையில் இருந்தபடியே அவர் இன்னொரு போராட்டம் நடத்தினார். அதை அறிந்தவர்கள் சிலரே.

அந்தப் போராட்டம் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நடந்தது. ஒரு பக்கம், வேலை கற்றுக்கொள்ள வந்த மாணவிகள். மறு பக்கம், அவர்களை மேற்பார்த்த மூத்த நர்சுகள். இரண்டு பேருக்கும் நடுவில், படுக்கையில் நோயாளி.

பணக்கார வீட்டுப் பெண்

நைட்டிங்கேல் அம்மையார் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி பிறந்தார். இத்தாலி நாட்டில் உள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்ததால், அந்த ஊரின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்குப் பெரிய மாளிகைகள் இருந்தன. பணத்துக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் மகளின் மனம் மாளிகையில் ஒட்டவில்லை. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1845-ம் ஆண்டு, ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் வேலை கற்க அனுமதி கேட்டார். பெற்றோர் மறுத்துவிட்டார்கள்.

அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நர்சு வேலைக்கு மதிப்பே கிடையாது. வேறு பிழைப்பு இல்லாதவர்கள் செய்யும் வேலை என்றும், குடிப்பவர்கள் செய்யும் வேலை என்றும் மக்கள் நினைத்தார்கள்.

அம்மையார் மனம் தளரவில்லை. 1851-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஒரு பாதிரியார் நடத்திய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். விடியற்காலை 5 மணிக்கு எழ வேண்டும். சாப்பாடு எளிமையானது. வேலையோ ஓயாதது. 31 வயதில், மாளிகையில் வளர்ந்த அந்தப் பெண் ஒரு மாணவியாக நின்று வேலை கற்றார்.

கண்டிப்பான தலைவி

1854-ம் ஆண்டு ரஷ்யாவுக்கு எதிராக கிரிமியா போர் நடந்தது. துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் ஆங்கிலச் சிப்பாய்கள் கவனிப்பார் இன்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 21-ந் தேதி, 38 நர்சுகளை அழைத்துக்கொண்டு அம்மையார் புறப்பட்டார்.

அங்கே இருந்த ராணுவ டாக்டர்கள் அவரை வரவேற்கவில்லை. அம்மையார் சண்டை போடவில்லை. டாக்டர்கள் கூப்பிடும் வரை எந்த நர்சும் நோயாளியைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். சில நாட்களில் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். டாக்டர்களே அவரைக் கூப்பிட்டார்கள்.

தம்மோடு வந்த நர்சுகளிடம் அவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். குடித்தவர்களையும் சொன்ன பேச்சைக் கேட்காதவர்களையும் ஊருக்குத் திருப்பி அனுப்பினார். அந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. தலையில் வைக்கும் தொப்பி தன் முகத்துக்குப் பொருந்தவில்லை என்றும், தொப்பி இப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்றும் ஒரு நர்சு அவரிடமே முறையிட்டாள்.

ஆகவே மாணவியாக இருப்பதன் கஷ்டமும் அவருக்குத் தெரியும். மேற்பார்வை செய்வதன் கஷ்டமும் தெரியும். இந்த இரண்டு அனுபவமும் பின்னால் அவருக்குக் கைகொடுத்தன.

பள்ளிக்கூடம் பிறந்தது

அம்மையாரின் தொண்டைப் பாராட்டி மக்கள் நிதி திரட்டினார்கள். ஏறத்தாழ 44 ஆயிரம் பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1860-ம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது.

பயிற்சிக் காலம் ஓர் ஆண்டு. மாணவிகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் இலவசம். கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுன். டாக்டர் பாடம் சொல்ல வேண்டும். வார்டில் சிஸ்டர் என்று அழைக்கப்படும் மூத்த நர்சு வேலையைக் கற்றுத்தர வேண்டும். அப்படிக் கற்றுத்தருவதற்காகச் சிஸ்டர்களுக்கு நிதியிலிருந்து தனியே பணமும் கொடுக்கப்பட்டது.

எல்லோருக்கும் மேலே மேட்ரன். அவர் பெயர் வார்ட்ரோப்பர். கணவரை இழந்தவர். நர்சுப் பள்ளி எதிலும் படிக்காமல், வேலை செய்தே வேலை கற்றவர். ஒரு மாணவியைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில்தான் இருந்தது.

ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தாள் உண்டு. நேரம் தவறாமை, அமைதி, நம்பிக்கை, சுத்தம் ஆகிய குணங்களுக்கு அதில் மதிப்பு எழுதப்படும். காயத்துக்குக் கட்டுப் போடுவது, படுக்கை விரிப்பது, நோயாளிக்குப் பத்தியம் சமைப்பது ஆகிய வேலைகளுக்கும் மதிப்பு எழுதப்படும்.

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மையாரால் நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. போர் முனையில் பற்றிய காய்ச்சல் அவர் உடலை உருக்கிவிட்டது. பல ஆண்டுகள் அவர் படுக்கையிலும் அறையிலுமே கழித்தார். தம் பெயரால் நடந்த பள்ளியை, பிறர் சொல்லித்தான் அறிந்தார்.

வெளிவந்த உண்மை

1871-ம் ஆண்டு, தேம்ஸ் நதிக்கரையில், பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு எதிரே, செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டிடம் திறக்கப்பட்டது. வேலையும் பெருகியது. அப்போதுதான் அம்மையார் பள்ளியின் நிலையைத் தீவிரமாக விசாரித்தார். அவர் கேட்ட செய்திகள் அவரைத் திடுக்கிடச் செய்தன.

பாடம் நடத்த வேண்டிய மருத்துவ அதிகாரி, நெடுநாளாக ஒழுங்காகப் பாடமே நடத்தவில்லை. சிஸ்டர்களில் பலர் எதையும் சொல்லித்தரவில்லை. கற்க வந்த பெண்களை, கூலி இல்லாத கூடுதல் ஆட்களாகவே வார்டு பயன்படுத்திக்கொண்டது. பலர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள். மேட்ரன் எழுதிய மதிப்புத் தாள்களை அப்படியே நம்பலாமா என்ற சந்தேகமும் அம்மையாருக்கு வந்தது.

சிஸ்டர்கள் கல்நெஞ்சக்காரர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஒரு சிஸ்டரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வார்டு முழுவதும் நோயாளிகள். டாக்டர் வந்தால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தவறு நடந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கட்டைத் தானே போட்டால் ஐந்து நிமிஷம். மாணவிக்குக் காட்டிக்கொடுத்துப் போடவைத்தால் அரை மணி. அந்த அரை மணிக்கு அவர் எங்கே போவார்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாணவிகளில் இரண்டு வகை. ஒரு வகையினர் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள். மற்ற வகையினர் சொந்தச் செலவில் தங்கிப் படித்த வசதியான வீட்டுப் பெண்கள். இவர்கள் நாளை வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவிகளாகப் போக வேண்டியவர்கள். அதிகம் படிக்காத சிஸ்டர், நாளைக்குத் தன்னைவிட மேலே போகப்போகிறவளுக்கு இன்று துடைப்பத்தைக் கொடுத்து வேலை சொல்ல வேண்டும். மனக்கசப்பு வளர இது போதாதா?

மாணவியோ வாய் திறக்கப் பயந்தாள். கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்ற பெயர். கேட்காமல் செய்தால் தவறு நேரும். அந்தத் தவறின் பலனை அனுபவிப்பவர் யார்? படுக்கையில் கிடக்கும் நோயாளிதான்.

அம்மையார் கண்ட வழி

பள்ளியை மூடிவிடலாம் என்று அம்மையார் நினைக்கவில்லை. மேட்ரனை விரட்டவும் இல்லை. முதலில் காது கொடுத்துக் கேட்டார்.

லண்டன் சவுத் வீதியில் இருந்த தம் வீட்டுக்கு மாணவிகளை ஒவ்வொருவராக அழைத்தார். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். எந்த வார்டில் வேலை, சிஸ்டர் என்ன கற்றுத்தந்தார், சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்தார். எல்லாவற்றையும் குறித்துவைத்தார். சிஸ்டர்களையும் அழைத்து அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டார்.

பிறகு ஒரு புதிய பதவியை ஏற்படுத்தினார். அதற்கு ஹோம் சிஸ்டர் என்று பெயர். வார்டு வேலை அவருடையது அல்ல. மாணவிகளின் படிப்பும் நலனுமே அவருடைய வேலை. டாக்டர் நடத்திய பாடத்தை விடுதியில் மறுபடி விளக்குவார். சந்தேகம் தீர்ப்பார். முகம் வாடியிருந்தால் காரணம் கேட்பார். 1875-ம் ஆண்டு இந்தப் பதவிக்கு வந்த கிராஸ்லாண்ட் என்ற அம்மையார், 1896 வரை அதில் இருந்தார்.

பாடம் நடத்தாத அதிகாரிக்குப் பதிலாக, கிராஃப்ட் என்ற டாக்டர் பாடம் சொல்ல வந்தார். மாணவிகள் அன்றாடம் கண்டதையும் செய்ததையும் எழுதிவைக்கும் வழக்கம் வலுப்பட்டது.

1872-ம் ஆண்டு முதல் அம்மையார் மாணவிகளுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். அவை எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டன. ஓர் ஆண்டோடு படிப்பு முடிந்துவிடாது, கற்பதை நிறுத்தியவள் பின்னுக்குப் போகிறாள் என்று அவர் அறிவுறுத்தினார். பிறரை நடத்த விரும்புகிறவள் முதலில் தன்னை அடக்கக் கற்க வேண்டும் என்றும் சொன்னார். மாணவிகளின் கர்வத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கடல் கடந்த கதை

இந்தக் குறை லண்டனில் மட்டும் இருந்ததா? அமெரிக்காவிலும் இருந்தது.

1873-ம் ஆண்டு பாஸ்டன் நகரில் பயிற்சி பெற்ற லிண்டா ரிச்சர்ட்ஸ் என்பவர், அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற நர்சு என்று போற்றப்படுகிறார். அவர் படித்த காலத்தில் மாணவிகள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, இரவு 9 மணி வரை வார்டில் நிற்க வேண்டும். மருந்துப் புட்டிகளில் பெயர் இராது. எண்தான் இருக்கும். எந்த மருந்தைக் கொடுக்கிறோம் என்று மாணவிக்குத் தெரியக்கூடாதாம்!

அந்த ரிச்சர்ட்ஸ் 1877-ம் ஆண்டு இங்கிலாந்துக்கு வந்தார். நைட்டிங்கேல் அம்மையாரைச் சந்தித்தார். அவருடைய உதவியால் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியிலும் மற்ற இடங்களிலும் பயிற்சி முறைகளைப் பார்த்து அறிந்தார்.

மாணவியே மேட்ரன் ஆனார்

1887-ம் ஆண்டு வார்ட்ரோப்பர் அம்மையார் 33 ஆண்டுச் சேவைக்குப் பின் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் பிரிங்கிள் என்பவர். அதே பள்ளியில் மாணவியாக இருந்தவர்!

வார்ட்ரோப்பர் 1892-ம் ஆண்டு இறந்தபோது, நைட்டிங்கேல் அம்மையார் அவரைப் பாராட்டி ஒரு மருத்துவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். குறைகளை அறிந்தவர்தான். ஆனாலும் வழிகாட்ட ஒருவரும் இல்லாத காலத்தில் வார்ட்ரோப்பர் சுமந்த பாரத்தை அவர் மறக்கவில்லை.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, தம் 90-வது வயதில் நைட்டிங்கேல் அம்மையார் காலமானார். மன்னர்களும் மேதைகளும் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். கிராமத்துக் கல்லறையில், பெயரின் முதல் எழுத்துக்கள் இரண்டும் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.

ஆண்டுதோறும் மே 12-ந் தேதி, அவர் பிறந்தநாள் நர்சுகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நர்சுகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்கள்.

ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. வேலை தெரிந்தவர் புதிதாக வந்தவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். ஆனால் அதற்கு நேரமும் ஆளும் ஒதுக்கித் தரவேண்டியது நிர்வாகத்தின் கடமை. பிறர் கோபத்தின் மேல் பழிபோடாமல், அந்தக் கடமையைத் தாமே ஏற்றுக்கொண்டார் நைட்டிங்கேல் அம்மையார்.