64 வயசுல கிடைச்ச வேலை

ஜி.யு.போப். இந்தப் பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், அவ்வளவுதானே? பரீட்சைக்கு அது போதும். ஆனா அதை எந்த வயசுல செஞ்சார்னு நமக்கு யாரும் சொல்லல.

போப் பிறந்தது 1820-ல், கனடாவில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். 17 வயசுல தமிழ் கத்துக்க ஆரம்பிச்சார். 1839-ல் கிறிஸ்தவ ஊழியராகச் சென்னையில் வந்து இறங்கினார். சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர்னு ஊர் ஊராக நாற்பது வருஷத்துக்கு மேல வேலை. நடுவுல தமிழ் இலக்கண நூல்களும் எழுதினார். 1880-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பினப்போ வயசு 60-ஐத் தாண்டியாச்சு.

கணக்குப்படி பார்த்தா, இது ரிட்டயர்மென்ட். ஈஸி சேர், பேப்பர், சாயங்கால நடை.

ஆனா 1884-ல், 64 வயசுல, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு கத்துக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவுக்கு அதிகாரிகளாகப் போகப்போற இளைஞர்களுக்குப் பாடம் நடத்தணும். அதோட நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் நிறுத்தல. 1886-ல் 1330 குறளும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அப்போ வயசு 66. 1893-ல், 73 வயசுல, நாலடியார்.

அடுத்து திருவாசகம். இங்கதான் அவருக்கே தயக்கம். ஒரு நாள் ராத்திரி, பேலியல் கல்லூரி முற்றத்தில், அந்தக் கல்லூரியின் தலைவர் ஜோவெட்டிடம் திருவாசகத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தார். அதை அச்சிட்டே ஆகணும்னு ஜோவெட் சொன்னார். நான் சாகாவரம் வாங்கி வரலையே, இது முடிய ரொம்ப நாள் ஆகுமேன்னார் போப். ஜோவெட் அவர் தோளில் கை வச்சு, பெரிய வேலை ஒண்ணு கையில் இருக்கிறதுதான் நீண்ட நாள் வாழ வழி, முடிக்கிற வரைக்கும் நீங்க இருப்பீங்கன்னார்.

1893-ல் ஜோவெட் இறந்துட்டார். போப் இருந்தார், முடிச்சார். 1900-ல் வந்த அந்தப் புத்தகத்தின் முன்னுரையில் அவர் போட்ட தேதி ஏப்ரல் 24. அவருடைய 80-வது பிறந்தநாள். முதல் தமிழ்ப் பாடம் படிச்சது 1837-லன்னு அதே முன்னுரையில் நினைச்சுப் பார்க்கிறார். நடுவுல 63 வருஷம். 1908-ல் காலமானார்.

அவர் கல்லறையில் தமிழ் மாணவன்னு பொறிச்சிருக்குன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. உண்மையில் கல்லில் அந்த வார்த்தைகள் இல்லை. அந்தக் கல்லை வச்சதில் அவர் குடும்பத்தோட தென்னிந்தியத் தமிழ் நண்பர்களுக்கும் பங்கு உண்டுன்னு அதில் எழுதியிருக்கு. எனக்கு அந்தக் கதையை விட இது பிடிச்சிருக்கு.

இதை ஏன் இப்போ எழுதுறேன்? பிளேஸ்மென்ட் லிஸ்ட் வரும்போதெல்லாம் நம்ம ஹாஸ்டலில் 21 வயசுலயே எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி ஒரு அமைதி. லிஸ்ட்ல உங்க பேர் இல்லாம இருக்கலாம். போப் மாதிரி வயசான காலத்துல ஜெயிப்பீங்கன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த 64 வயசு வேலை அவருக்குச் சும்மா வந்து விழல. 17 வயசுல பிடிச்சதை விடாம வச்சிருந்தார். நீங்க விடாம வச்சிருக்கிறது எது?

அதோட, உங்க வீட்டில் இந்த வருஷம் ரிட்டயர் ஆகிற அப்பாவோ அம்மாவோ இருந்தா, அவங்ககிட்டயும் இதே கேள்வியைக் கேளுங்க.