தோட்டத்து மலரில் உலகைக் கண்டவர்

மலரைக் கண்டு மகிழாத மனிதர் உண்டோ? காலையில் பூத்து மாலையில் வாடுவதை அன்றாடம் பார்க்கிறோம். அந்த ஒருநாள் மலரை நூறாண்டு வாடாமல் காத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறேன். அவர்தான் அமெரிக்க நாட்டுப் புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம். என்னைப் போலவே அவரும் வேதியியல் மாணவி.

1883-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த, செல்வம் குறைந்த குடும்பம். ஆயினும் மகளின் ஆர்வம் கண்ட தந்தை, விறகுக் கொட்டகையில் ஓர் இருட்டறை அமைத்துக் கொடுத்தார். சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தாவரவியல் துறைக்குச் சிலைடுகள் செய்து கொடுத்துப் படிப்புச் செலவுக்கு வழி தேடினார். 1907-இல் பட்டம் பெற்றார். 1909-இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குச் சென்று, பழுப்பு நிறம் தரும் பிளாட்டினம் படத்தாளைத் தாமே தயாரிக்கும் முறையை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். தாயகம் திரும்பி, 1910-இல் சியாட்டிலில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்.

1915-இல் ராய் பார்ட்ரிட்ஜ் என்னும் ஓவியரை மணந்தார். அவ்வாண்டே ஒரு மகன், 1917-இல் இரட்டையர். ஸ்டூடியோவை விட்டுவிட்டுக் கலிபோர்னியாவில் குடியேறினார். மூன்று சிறுவர்களை வைத்துக்கொண்டு வெளியே சென்று படமெடுக்க இயலவில்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மேலே படிக்க மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. பட்டம் வாங்கிய கையோடு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஆய்வகத்தில் கற்றதெல்லாம் அடுப்படியோடு போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

இமோஜென் அப்படிப் போகவிடவில்லை. ஓக்லண்டில் தம் வீட்டுத் தோட்டத்துப் பூக்களின் பக்கம் கேமராவைத் திருப்பினார். பூவை நெருங்கிப் படமெடுப்பது எளிதன்று. வில்லையின் துளையைச் சிறிதாக்கினால்தான் முன்னிதழும் பின்னிதழும் ஒருங்கே தெளிவாக விழும். துளை சிறுத்தால் ஒளி குறையும். ஆகவே நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் காற்று வீசினால் எல்லாம் பாழ்! பொறுமை உள்ளவருக்கே பூ வசப்படும்.

1925-இல் அவர் எடுத்த மேக்னோலியா மலரின் படம் உலகப் புகழ் பெற்றது. அது நம் சண்பகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மலர். வெள்ளை இதழ்கள் விரிந்து கிடக்க, நடுவே மகரந்தத் தாள்களும் சூலகங்களும் கோபுரம் போல் நிமிர்ந்து நிற்கும். தாவரவியலார்க்குப் பாடம், கலைஞர்க்கு விருந்து. 1929-இல் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் அவருடைய தாவரப் படங்கள் இடம்பெற்றன. 1932-இல் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோருடன் சேர்ந்து 'எஃப் 64' என்னும் குழுவை அமைத்தார். மிகச் சிறிய துளையைக் குறிக்கும் எண்ணே குழுவின் பெயராயிற்று!

1934-இல் மணவாழ்வு முறிந்தது, தொழில் முறியவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் முதியோரைப் படமெடுத்து ஒரு நூலுக்கு உழைத்தார். 1976 ஜூன் மாதம், 93-ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு அந்நூல் வெளிவந்தது.

ஒரு மாலை, பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இக்கதையைச் சொன்னேன். மணமுறிவையும் மறைக்கவில்லை. அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எம்.எஸ்ஸி. படிக்க இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் கேட்டார்.

தோழியரே! கற்ற கல்வி கொல்லைப்புறத்திலும் பூக்கும் என்பதற்கு அந்த மேக்னோலியாவே சான்று. கைக்கெட்டிய பூவிலிருந்து நாமும் தொடங்குவோம்!