கரியால் ஓடிய பேருந்து

சிறுமலையின் அடிவாரத்தே பரந்து கிடப்பது திண்டுக்கல் சமவெளி. இன்று அச்சமவெளியின் நெடுஞ்சாலைகளில் மின்சாரக் கார்களும் ஓடுகின்றன. அவற்றிற்கு மின்னேற்ற இரு வழிகள் உள. ஒன்று, வீட்டிலேயே இரவில் மெல்ல ஏற்றுதல். மற்றொன்று, வழியிலுள்ள பொதுநிலையத்தில் விரைந்து ஏற்றுதல். வண்டிக்கு வேண்டுவதைப் புறப்படுமுன்பே தேடிவைப்பதா, போகும் வழியில் பெறுவதா என்னும் இவ்வினா புதியதன்று. முன்னொரு காலத்தில் இதனை எதிர்கொண்டவருள் ஒருவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார்.

இவர் 1877-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். பின்னர் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். ஆயினும், அலுவலக வாழ்வு அவர் உள்ளத்திற்கு நிறைவு தரவில்லை. 1911-இல் சொந்தத் தொழிலில் இறங்கி, 1912-இல் மதுரையில் பேருந்து விடத் தொடங்கினார். திண்டுக்கல்லும் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. மாட்டு வண்டியே பெருவழக்காயிருந்த நாளில், குறித்த நேரம் தவறாமல் வண்டி ஓட வேண்டும் என்பதை அவர் நோன்பாகக் கொண்டார்.

அந்நோன்பிற்கு இரண்டாம் உலகப் போரில் சோதனை நேர்ந்தது. பெட்ரோல் அருகியது. வண்டிகள் நின்றால் மக்களின் பயணமும் வாணிகமும் நின்றுவிடும். சுந்தரம் ஐயங்கார் சோர்ந்திருக்கவில்லை. கரிவாயுக் கருவியை உருவாக்கிச் செய்வித்தார். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கும். அதனை வடிகட்டிக் காற்றுடன் கலந்து செலுத்த, எந்திரம் இயங்கும்.

இவ்வழியில் இடர்களும் இருந்தன. புறப்படுமுன்பே உலையை மூட்ட வேண்டும். சாம்பலை அகற்ற வேண்டும். வண்டியின் வலிமையோ குறைவு. மேட்டில் ஏறத் திணறும். எனினும், நம் காட்டு மரக்கரியே வண்டியை ஓட்டியது.

மின்சாரக் காருக்கும் இத்தகைய முன்னேற்பாடு வேண்டும். மணிக்கு 3 யூனிட் ஏற்றும் வீட்டு இணைப்பில், 30 யூனிட் கொள்ளும் மின்கலம் நிறைய ஏறத்தாழ 10 மணி நேரமாகும். உறங்கும் நேரத்தில் அது நிறைந்துவிடுமாதலால் காலம் வீணாவதில்லை. செலவும் பெரும்பாலும் குறைவு. விரைவு நிலையத்திலோ அவ்வேலை ஒரு மணியளவில் முடிந்துவிடும். வீட்டில் வண்டி நிறுத்த இடமற்றோர்க்கும் நெடுந்தொலைவு செல்வோர்க்கும் அந்நிலையமே துணை. ஆகவே, இரண்டும் வேண்டற்பாலனவே.

சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம் 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தம் கணவருடன் நிறுவினார். தந்தையார் 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். கிடைக்காத பொருளை எண்ணி வருந்தி நில்லாமல், கிடைக்கும் பொருளைக் கொண்டு கடமையை நிறைவேற்றுவதே அறிவுடைமை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.