கன அளவை அரிந்து அளந்த இப்னு அல்-ஹைதம்

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இரட்டைத் தொகையீடு பாடமாக இருக்கிறது. மேலே ஒரு வளைபரப்பு, கீழே ஒரு வளைபரப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள கன அளவைக் காண வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மேல் உயரத்திலிருந்து கீழ் உயரத்தைக் கழித்து, சிறு பரப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். துண்டாக்கிக் கூட்டும் இந்த வழியில் வெகுதூரம் சென்ற முன்னோடிகளில் ஒருவர் இப்னு அல்-ஹைதம்.

கி.பி. 965-ஐ ஒட்டி பஸ்ராவில் பிறந்தவர். நைல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற அவரது எண்ணத்தைக் கேள்விப்பட்டு, ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாகிம் அவரை எகிப்துக்கு அழைத்தார். ஆற்றோடு தெற்கே போய்ப் பார்த்தவர், தம்மால் முடியாது என்று திரும்பி வந்து ஒப்புக்கொண்டார். பிறகு கலீஃபாவுக்கு அஞ்சிப் பித்தர் போல் நடித்து, 1021-ல் கலீஃபாவின் காலம் முடியும் வரை வீட்டுக்குள் அடைந்திருந்தார் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. அதன்பின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் அருகே தங்கி, யூக்ளிடின் நூல் போன்றவற்றைப் பிரதியெடுத்துக் கொடுத்து வாழ்ந்தார்.

ஒளியியலில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிர் நம்மில் பலருக்குத் தெரியும். கணிதத்தில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: பரவளையத்தை அதன் அச்சுக்குச் செங்குத்தான கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திண்மத்தின் கன அளவு என்ன?

திண்மத்தைச் சம தடிமனுள்ள வட்டத் தகடுகளாக அவர் அரிந்தார். உள்ளே அடங்கும் தகடுகளின் கூட்டுத்தொகை உண்மை அளவைவிடக் குறைவு. வெளியே மூடும் தகடுகளின் கூட்டுத்தொகை அதிகம். தகடுகள் மெலிய மெலிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுருங்கும். கூட்டிப் பார்க்க எண்களின் நான்காம் அடுக்குகளின் தொகை தேவைப்பட்டது. அதாவது 1, 16, 81 என்று தொடரும் எண்களின் தொகை. அதற்கான விதியையும் அவரே நிறுவினார். விடை: அத்திண்மம் அதைச் சூழ்ந்த உருளையில் 15-ல் 8 பங்கு. இன்றைய தொகையீட்டிலும் அதே விடைதான் வருகிறது.

நுண்கணிதத்தையே அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல. எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் பொது முறை 17-ஆம் நூற்றாண்டில் நியூட்டன், லைப்னிட்ஸ் ஆகியோரிடமிருந்து வந்தது. அவர் செய்தது எதுவோ அதை அப்படியே பிள்ளைகளுக்குச் சொல்வோம். நைல் தம்மால் ஆகாது என்று ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, செய்யாததைச் சேர்த்துப் பெருமை தேட வேண்டியதில்லை.