பேய் வேடத்தில் புகழ் பெற்ற பெலா லுகோசி

டிராகுலா!

இந்தப் பெயரைக் கேட்டதும் ஓர் உருவம் கண் முன் வரும். தோளில் இருந்து கால் வரை தொங்கும் கறுப்பு அங்கி. படிய வாரிய தலைமுடி. வெளுத்த முகம். இமைக்காத கண்கள்.

இந்த உருவத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் ஒரு நடிகர். அவர் பெயர் பெலா லுகோசி.

ரத்தம் குடிக்கும் காட்டேரியாக நடித்து அவர் பெரும் புகழ் பெற்றார். ஆனால், அந்த வேடம் அவரைச் சாகும் வரை விடவில்லை. செத்த பிறகும் விடவில்லை!

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

1882-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி லுகோசி பிறந்தார். அவர் பிறந்த ஊரின் பெயர் லூகோஷ். அந்த ஊர் அப்போது ஹங்கேரியில் இருந்தது. இப்போது ருமேனியாவில் இருக்கிறது. டிராகுலா கதை நடக்கும் டிரான்சில்வேனியா மலைநாட்டுக்கு அருகில் உள்ள ஊர் அது.

தந்தை ரொட்டி சுட்டு விற்றவர். பிறகு வங்கித் தொழிலில் இறங்கினார். 4 பிள்ளைகளில் லுகோசிதான் கடைக்குட்டி.

படிப்பில் பையனுக்கு மனம் செல்லவில்லை. 12 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டான். வீட்டை விட்டும் வெளியேறினான். சுரங்கத்தில் வேலை செய்தான். கூலிக்கு உழைத்தான். ஆனால், ஆசை எல்லாம் நாடகத்தின் மேல்தான்.

ஊர் ஊராகச் செல்லும் நாடகக் கம்பெனிகளில் சேர்ந்து, சிறு சிறு வேடங்களில் நடித்து முன்னுக்கு வந்தான். குடும்பப் பெயர் பிளாஸ்கோ. அதை விட்டு விட்டு, சொந்த ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக் கொண்டான். லுகோசி என்றால், லூகோஷ் ஊர்க்காரன் என்று அர்த்தம்.

1913-ம் ஆண்டு தலைநகர் புடாபெஸ்டில் உள்ள தேசிய நாடக சபையில் லுகோசிக்கு இடம் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அவர் நடித்தார். பின்னாளில் பேயாக நடித்து உலகை நடுங்க வைத்த இவர், அந்த நாட்களில் ஏசுநாதர் வேடத்திலும் நடித்தார்!

நாடு கடந்தார்

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. லுகோசி ராணுவத்தில் சேர்ந்து ரஷிய எல்லையில் போரிட்டார். காயம் அடைந்து திரும்பினார்.

யுத்தம் முடிந்ததும் ஹங்கேரியில் புரட்சி நடந்தது. நடிகர்களின் சம்பளத்துக்கும் உரிமைக்கும் பாடுபட, ஒரு சங்கம் தோன்றியது. லுகோசி அதில் முன்னின்று உழைத்தார்.

1919-ம் ஆண்டு புரட்சி அரசாங்கம் கவிழ்ந்தது. அதை ஆதரித்தவர்களுக்கு ஆபத்து வந்தது. லுகோசி நாட்டை விட்டுத் தப்பினார். முதலில் வியன்னா. அடுத்து பெர்லின். இளம் மனைவி அவரைப் பிரிந்து பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி விட்டார்.

1920-ம் ஆண்டு இறுதியில், ஒரு சரக்குக் கப்பலில் வேலை செய்தபடியே லுகோசி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 38.

தாய்நாட்டில் பேர் பெற்ற நடிகர். வந்த நாட்டிலோ, பேசுவதற்கு மொழி தெரியாது!

பொருள் தெரியாமல் பேசிய வசனம்

நியூயார்க் நகரில் ஹங்கேரிக்காரர்கள் பலர் வாழ்ந்தார்கள். அவர்களைக் கொண்டு லுகோசி நாடகம் போட்டார்.

1922-ல் ஓர் ஆங்கில நாடகத்தில் நடிக்க வாய்ப்பு வந்தது. அவர் அஞ்சவில்லை. வசனங்களை ஒலியாகவே மனப்பாடம் செய்தார். பாட்டை நெட்டுருப் போடும் குழந்தை போல, பொருள் புரியாமலே உருப்போட்டு மேடையில் ஒப்பித்தார். நாடகம் பார்த்தவர்கள் அவருடைய நடிப்பைப் புகழ்ந்தார்கள்.

நாளடைவில் ஆங்கிலம் கற்றுக் கொண்டார். ஆனால் சொந்த நாட்டு உச்சரிப்பு மட்டும் போகவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நிறுத்தி, அழுத்திப் பேசுவார்.

இது ஒரு குறை. ஆனால், இந்தக் குறைதான் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு போயிற்று.

டிராகுலா பிரபு

அயர்லாந்தைச் சேர்ந்த பிராம் ஸ்டோக்கர் என்ற எழுத்தாளர், 1897-ம் ஆண்டு டிராகுலா என்ற நாவலை எழுதினார். பகலில் சவப்பெட்டியில் படுத்திருந்து, இரவில் எழுந்து வந்து, மனிதர்களின் ரத்தத்தைக் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை அது.

இந்தக் கதை நாடகமாகி, 1927-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் அரங்கேறியது. டிராகுலாவாக நடித்தவர் லுகோசி. நாடகம் 261 முறை நடந்தது. பயங்கரமான வேடம்தான். ஆனாலும் அவர் கம்பீரமாக இருந்தார். பெண்கள் பலர் அவருக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள்!

பிறகு யூனிவர்சல் கம்பெனி இந்தக் கதையைப் பேசும் படமாக எடுக்க விரும்பியது. டிராகுலா வேடத்துக்குப் பட முதலாளிகள் முதலில் நினைத்தது லுகோசியை அல்ல. பயங்கர வேடங்களில் பேர் பெற்ற லான் சானி என்ற நடிகரின் பெயர்தான் அடிபட்டது. அவர் 1930-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இறந்து போனார். அதன் பிறகும் வேறு பல பெயர்களைப் பரிசீலித்தார்கள்.

லுகோசி விடவில்லை. விடாமல் முயன்று வேடத்தைப் பெற்றார். ஆனால் சம்பளம் குறைவு. வாரத்துக்கு 500 டாலர். 7 வாரத்துக்கு மொத்தம் 3,500 டாலர்தான்.

டாட் பிரவுனிங் படத்தை டைரக்டு செய்தார். பகலில் லுகோசியின் படம் தயாராகும். இரவில் அதே அரங்குகளில், வேறு நடிகர்களை வைத்து, அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தார்கள்!

முதல் முறை பார்த்தவர்கள்

1931-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி படம் திரைக்கு வந்தது. நியூயார்க்கில் ராக்சி என்ற தியேட்டரில் ஓடியது. சுமார் 6 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய பிரமாண்டமான கொட்டகை அது.

அதுவரை வந்த அமெரிக்கப் படங்களில் பேய் வந்தால், பெரும்பாலும் முடிவில் சாயம் வெளுத்து விடும். யாரோ ஒரு மோசக்காரன் பேய் வேடம் போட்டு ஏமாற்றினான் என்று கதை முடியும். ஜனங்கள் நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

இந்தப் படத்தில் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. பேய் உண்மையாகவே பேய்!

பாழடைந்த கோட்டை. அகலமான படிக்கட்டு. குறுக்கே பெரிய சிலந்தி வலை. டிராகுலா பிரபு அந்த வலைக்கு அப்பால் போகிறார். ஆனால் வலை அறுபடவில்லை! பின்னால் வரும் விருந்தாளி கைத்தடியால் வலையை விலக்கிக் கொண்டுதான் போக வேண்டி இருக்கிறது. இந்தக் காட்சி, பார்த்தவர்களின் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்தது.

லுகோசியின் கண்கள் மேல் மட்டும் மெல்லிய ஒளிக்கற்றையைப் பாய்ச்சிப் படம் பிடித்தார்கள். முகம் இருட்டில் இருக்கும். கண்கள் மட்டும் எரியும்.

படம் முடிந்த பிறகு, படத்தில் டாக்டராக நடித்தவர் மறுபடியும் தோன்றுவார். வீட்டுக்குப் போய் அச்சத்தோடு படுக்கப் போகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது போலத் தொடங்கி, இப்படிப்பட்டவை உலகத்தில் உண்டு என்று சொல்லி முடிப்பார்! 1936-ல் படம் மீண்டும் வெளிவந்தபோது அந்தக் காட்சியை நீக்கி விட்டார்கள்.

இன்று முதல் முறையாக இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். டிராகுலாவுக்குக் கோரைப் பல் இல்லை. கழுத்தைக் கடிக்கும் காட்சி இல்லை. அவர் குனிவார், உடனே காட்சி மாறி விடும். வௌவால், கயிற்றில் ஆடும் பொம்மை போலத் தெரியும். தொடக்கத்தைத் தாண்டினால் பின்னணி இசை அநேகமாக இல்லை.

ஆனால், அந்த அமைதியின் நடுவே லுகோசி மெதுவாக வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வார். சிரித்துக் கொண்டிருந்தவர்களும் சிரிப்பை நிறுத்தி விடுவார்கள்.

கைவிட்டுப் போன வாய்ப்பு

படம் பெரிய வெற்றி. லுகோசியின் பெயர் உலகம் எங்கும் பரவியது. ஆனால் பணம் சேரவில்லை. வருவதைத் தாராளமாகச் செலவு செய்பவர் அவர். 1932-ம் ஆண்டு, கடனைத் தீர்க்க முடியாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்!

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. டிராகுலாவுக்கு அடுத்து, பிராங்கன்ஸ்டைன் என்ற படத்தில் ராட்சத மனிதனாக நடிக்க லுகோசியின் பெயர்தான் முதலில் பேசப்பட்டது. முகத்தை மூடும் ஒப்பனை. வாய் திறந்து பேச வசனம் இல்லை. இந்த வேடம் அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள். வேடம், போரிஸ் கார்லாப் என்ற நடிகருக்குப் போயிற்று. படம் வந்ததும் கார்லாப் பெரிய நட்சத்திரம் ஆகி விட்டார்.

12 ஆண்டு கழித்து, 1943-ல் அதே ராட்சத வேடத்தை லுகோசி ஏற்றார். அப்போது அவருக்கு வயது 60. அந்தப் படத்தில் அவருக்கு வசனம் இருந்தது. ஆனால் படம் வெளிவரும் முன் அதை வெட்டி விட்டார்கள்!

1936-ம் ஆண்டு வாக்கில் பயங்கரப் படங்களுக்கு மவுசு குறைந்தது. இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியது. லுகோசிக்கு வேலை இல்லை. வீட்டை இழந்தார். 1938-ல் மகன் பிறந்தபோது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு சினிமாக்காரர்களின் உதவி நிதி கைகொடுத்தது.

அந்த ஆண்டே அதிசயமும் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு சிறிய தியேட்டர், டிராகுலாவையும் பிராங்கன்ஸ்டைனையும் ஒன்றாகத் திரையிட்டது. கூட்டம் அலைமோதியது. 1931-ல் சிறு குழந்தைகளாக இருந்தவர்கள், இளைஞர்களாகி முதல் முறையாகப் பார்க்க வந்தார்கள். பட முதலாளிகள் கண் விழித்தார்கள். லுகோசிக்கு மீண்டும் வேடங்கள் கிடைத்தன.

ஆனால் எல்லாம் பேய், பூதம், பைத்தியக்கார விஞ்ஞானி! காதலனாகவும் வீரனாகவும் நடித்த அந்த ஹங்கேரி நடிகரை எல்லோரும் மறந்து விட்டார்கள். முன்பு அவரை உயர்த்திய உச்சரிப்பே இப்போது வேறு வேடங்களுக்குத் தடையாக நின்றது.

மறைக்காமல் சொன்னார்

இதற்கிடையே அவரை ஒரு நோய் வாட்டியது. இடுப்பில் இருந்து கால் வரை குத்தும் நரம்பு வலி. டாக்டர்கள் மார்பின் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. ஆனால் ஊசி இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்து விட்டது. பல ஆண்டுகள் அந்த மருந்துக்கு அடிமையாகக் கிடந்தார். 20 ஆண்டு வாழ்ந்த 4-வது மனைவி, 1953-ல் விவாகரத்து பெற்றுப் பிரிந்தார்.

1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லுகோசி ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் அவரைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. தானாகவே அதிகாரிகளிடம் போய், என்னைக் குணப்படுத்துங்கள் என்று கேட்டுக் கொண்டார். நீதிபதியின் உத்தரவின் பேரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அப்போது வயது 72.

சினிமா நட்சத்திரங்கள் இப்படிப்பட்ட விஷயத்தை மூடி மறைத்த காலம் அது. லுகோசி மறைக்கவில்லை. பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகப் பேசினார். உலகத்தைப் பயமுறுத்திய மனிதர், உதவி கேட்க வெட்கப்படவில்லை.

ஆகஸ்டு மாதம் குணம் அடைந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது தனக்குக் கடிதம் எழுதிய ஒரு ரசிகையை மணந்தார். அது அவருக்கு 5-வது திருமணம்.

1956-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந்தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வீட்டில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 73. டிராகுலா அங்கியைப் போர்த்தி அவரை அடக்கம் செய்தார்கள். 4-வது மனைவியும் மகனும் எடுத்த முடிவு அது.

செத்த பிறகும்...

சாவதற்கு முன் எடுத்த சில நிமிடப் படச்சுருளை வைத்து, எட் வுட் என்ற டைரக்டர் ஒரு முழுப் படத்தை முடித்து வெளியிட்டார். மீதிக் காட்சிகளில் வேறொருவர் அங்கியால் முகத்தை மூடிக் கொண்டு நடித்தார்!

லுகோசி இறந்த மறு ஆண்டு, 1957-ல், யூனிவர்சல் கம்பெனியின் பழைய பயங்கரப் படங்கள் அமெரிக்க டெலிவிஷனில் வந்தன. லட்சக்கணக்கான குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்து டிராகுலாவை முதல் முறையாகப் பார்த்தார்கள். அவரது முகம் பொம்மைகளிலும் விளையாட்டுச் சாமான்களிலும் விற்பனைக்கு வந்தது.

அந்த முகம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டு, மகனும் கடைசி மனைவியும் வழக்குத் தொடர்ந்தார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 1979-ல் கலிபோர்னியா மாகாண சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றியது. தன் உருவத்தை விற்கும் உரிமை, அந்த மனிதரின் சாவோடு முடிந்து விடுகிறது என்று கூறி விட்டது. ஆனால், இறந்தவரின் பெயருக்கும் உருவத்துக்கும் வாரிசுகளே உரிமையாளர்கள் என்று ஒரு சட்டம் 1985-ல் அந்த மாகாணத்தில் அமலுக்கு வந்தது.

1994-ம் ஆண்டு, எட் வுட்டின் வாழ்க்கை படமாக வந்தது. அதில் லுகோசியின் கடைசி நாட்களும் வருகின்றன. அவர் வேடத்தில் நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

லுகோசிக்கு அந்தப் பரிசு ஒரு முறை கூடக் கிடைக்கவில்லை.