பட்டயத்தில் இல்லாத பெருமிதம்

பணம் சேர்த்தோர் பலர். அதைப் பள்ளியாக்கியோர் சிலர். அச்சிலருள் ஒருவர் அண்ணாமலை அரசர். 1881இல் கானாடுகாத்தானில் பிறந்தார். வட்டிக்கடை மரபிலே வந்தவர், வரவு பாராமல் வாரி வழங்கினார். 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சிக் கல்லூரி கண்டார். பிறகு தம் கல்லூரிகளையும், 20 இலட்ச ரூபாயையும் ஈந்தார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. தமிழில் பாடுவதை இழுக்கென்றோர் இருந்த நாளில், 1943இல் தமிழிசைச் சங்கமும் கண்டார். 1948இல் மறைந்தார்.

அவர் தந்தது நிலையம். அதற்குப் பெருமிதம் தந்தவர் யார்? மாணவர்! நாவலர் நெடுஞ்செழியனும் பேராசிரியர் அன்பழகனும் அங்கே பயின்றவர்கள். 1965 மொழிப் போரில் குண்டுக்கு இரையான இராசேந்திரன் அங்கே பயின்றவன். அந்தக் குருதிக்கு எந்தக் கருவூலம் ஈடு கட்டும்?

நிதி நெருக்கடியில் தள்ளாடிய கழகத்தை 2013இல் அரசே ஏற்றது. தனியார் பிடி தளர்ந்தது, பெருமிதம் தளர்ந்ததா? இல்லை! கட்டிய செல்வரும் காக்கும் அரசும் கதவைத்தான் திறக்க முடியும். உள்ளே புகுந்த உழவன் மகன், ஊர் திரும்பி என்ன செய்தான் என்பதிலேதான் இருக்கிறது கழகத்தின் பெருமை. அண்ணாமலையார் பெயர் வாயிலிலே நிற்கிறது. அதை வாழ வைப்பது, மாணவனே, உன் கடமை!