ஆங்கிலத்தில் நம்ம ஊர்

தம்பி தங்கைகளே, நம்ம பங்சார் பக்கம் பல பிள்ளைகளுக்குத் தமிழைவிட ஆங்கிலம்தான் சுலபமா வருது. அவங்ககிட்ட நான் முதலில் சொல்லும் பெயர் ஆர்.கே. நாராயண்.

1906-இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டிதான் வளர்த்தார். அப்பா தலைமையாசிரியர், பிள்ளையோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். வீட்டில் இருந்த நாளெல்லாம் வாசித்தார். பிறகு மைசூரில் பட்டம் பெற்றார். முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மனம் வெறுத்து, கைப்பிரதியைத் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதினார். நண்பர் அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் காட்டினார். 1935-இல் 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' லண்டனில் வெளிவந்தது. மால்குடி என்ற கற்பனை ஊரை உலகம் அறிந்தது.

1939-இல் மனைவி ராஜம் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். கையில் சின்ன மகள். அந்தத் துயரமே 1945-இல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' ஆனது. 'தி கைடு' நாவலுக்கு 1960-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. மாநிலங்களவைக்குப் போனபோது, பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பையின் பாரத்தைப் பற்றித்தான் பேசினார். 2001-இல் மறைந்தார்.

கம்பனைத் தழுவி 1972-இல் ராமாயணத்தையும் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். தமிழ் படிக்கச் சிரமமா? முதலில் அதை எடுத்து வாசிங்க. அப்புறம் கம்பன் வீட்டு வாசல் ரொம்ப தூரமில்லை.